காருக்கு அம்மை போட்ட பங்குனி

மேலச்சத்திரத்தில் தண்ணீர் காணாமல் போவது ஒரு செய்தியே அல்ல. கண்மாய்த் தண்ணீர் கருவேல மரங்களுக்குள் போயிற்று, கிணற்றுத் தண்ணீர் ஆழ்துளைக் குழாய்களுக்குள் போயிற்று, குழாயில் வரவேண்டியது எங்கே போயிற்று என்று கேட்டால் அதிகாரிகள் வானத்தைக் காட்டினார்கள். ஆக, போன தண்ணீருக்கெல்லாம் போன இடம் என்று ஒன்று இருந்தது, போன இடம் தெரிந்துவிட்டால் பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள். வெயிலுகந்தானின் பழைய டீசல் காரிலிருந்து போன தண்ணீருக்குத்தான் போன இடம் தெரியவில்லை.

அது எந்தக் கம்பெனி கார் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. அந்தக் கம்பெனியே இப்போது இல்லை. தயிர் நிறம், சோபா போன்ற இருக்கைகள், சாத்தினால் வீட்டுக் கதவைச் சாத்தியது போல ஓசை எழுப்பும் கதவுகள். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வாடகைக்குப் போய்க்கொண்டிருந்த அந்தக் காரை, தன் மனைவி சீனியம்மாளின் சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை நிறுத்திக்கொண்டதிலிருந்து, செவ்வாயும் வெள்ளியும் யாருக்கும் ஓட்டுவதில்லை என்று வெயிலுகந்தான் வைத்துக்கொண்டார். அந்த இரண்டு நாளும் அவளை மதுரைக்குக் கூட்டிப்போய், ஓர் இயந்திரத்தின் பக்கத்தில் படுக்கவைத்து, அவள் ரத்தத்தை அது கழுவித் தரும்வரை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்து, பிழிந்த துணி மாதிரி துவண்டு வருகிறவளை இருட்டுவதற்குள் வீட்டில் கொண்டுவந்து சேர்ப்பார். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் அவளுக்கு அனுமதி, காபியும் ரசமும் அதற்குள்ளேயே அடக்கம். அதற்குமேல் குடித்தால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உடம்பிலேயே தங்கும், காலில் தொடங்கி மேலே ஏறும், நெஞ்சுக்கு வந்துவிட்டால் மூச்சை அடைக்கும். முறை தப்பாமல் மதுரைக்குப் போனால் அவள் இருப்பாள், தப்பினால் இருக்கமாட்டாள். டாக்டர் இதை நயமாகச் சொன்னார். சீனியம்மாள் அதைத் தெருவுக்கு இப்படிச் சுருக்கிச் சொன்னாள்.

இப்படி ஒரு மடக்குத் தண்ணீரை நாக்கில் வைத்து நாள் முழுக்க உருட்டிக்கொண்டிருந்தவளின் கண்ணெதிரில்தான், அந்தப் பங்குனி மாதம், கார் குடிக்க ஆரம்பித்தது. சாத்தூர் தாண்டுவதற்குள் சூட்டுமானியின் முள் சிவப்பைத் தொட்டது. நிறுத்தி, ஆறவைத்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே தண்ணீர் இல்லை. ஒரு குடம் ஊற்றிக்கொண்டு புறப்பட்டால் மதுரைக்குப் போவதற்குள் அதுவும் இல்லை.

"எனக்கு அரை லிட்டரு, இதுக்குக் குடம் குடமா?" என்றாள் சீனியம்மாள். "இதுக்கு எந்த டாக்டருங்க எழுதிக் குடுத்தது?"

"எங்கேயோ ஒழுகுது, புள்ள."

"எனக்கு அந்தக் குடுப்பினையும் இல்ல."

மெக்கானிக் சிக்கந்தர் அந்த ஊரில் 'தெரியாது' என்ற வார்த்தையை எவர் காதிலும் விழும்படி சொன்னதில்லை. மற்றபடி நல்லவர், தொழிலும் தெரிந்தவர். காருக்குள் தண்ணீர் ஒரு வட்டத்தில் சுற்றுகிறது, இன்ஜினின் சூட்டை வாங்கி வந்து ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுத்துவிட்டு மறுபடி சூட்டை வாங்கப் போகிறது, அந்த வட்டத்தில் எங்கே ஓட்டை விழுந்தாலும் தடம் இருக்கும் என்று அவர் வெயிலுகந்தானுக்கு விளக்கினார். முப்பது வருஷமாகக் கார் ஓட்டுகிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை; ஆனால் விளக்காமல் ஸ்பானரைத் தொடுவது சிக்கந்தருக்கு வழக்கமில்லை.

ஹோஸ் குழாய்களை அமுக்கிப் பார்த்தார், வெடிப்பில்லை. வாட்டர் பம்ப்பின் அடியில் விரலை விட்டுப் பார்த்தார், ஈரமில்லை. மூடியின் ரப்பர் தளர்ந்திருந்தால் தண்ணீர் சீக்கிரமே கொதித்து ஆவியாகும் என்று புது மூடி போட்டார், மாற்றமில்லை. ஆயில் குச்சியை உருவி மூக்கருகே பிடித்தார். தண்ணீர் ஆயிலில் கலந்திருந்தால் அது பால்காபி நிறமாகியிருக்கும், இது கறுப்பாகவே இருந்தது. ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் புகை வெள்ளையாக வரும், ரேடியேட்டரில் கொப்புளம் கொப்புளமாகக் காற்று எழும். புகை புகையாகவே வந்தது, தண்ணீர் குளம் மாதிரி கிடந்தது. கடைசியில் சீனியம்மாளிடம் கோலமாவு வாங்கி இன்ஜினின் மூட்டுமூட்டாகத் தூவி வண்டியை ஓடவிட்டார். ஒரு சொட்டு கசிந்தாலும் மாவில் கறை விழும். மாவு உலர்ந்தே இருந்தது. தண்ணீர் மட்டும் குறைந்திருந்தது.

"அண்ணாச்சி, இது ஒழுகல," என்றார் சிக்கந்தர். அந்த ஊரில் 'தெரியாது' என்பதற்கு அவர் மிக அருகில் வந்தது அப்போதுதான்.

பிறகு அவர் செய்ததை எந்த மெக்கானிக்கும் செய்திருப்பார். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு என்றால் ரேடியேட்டரில் மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்றுவது நம் பக்கத்து வைத்தியம். தூள் ஊறிப்போய் வெடிப்பை அடைக்கும், கூடவே மற்றதையும் அடைக்கும் என்பது வேறு விஷயம். சீனியம்மாள் கோயிலுக்கென்று இடித்து வைத்திருந்த மஞ்சளை வாங்கினார். குடத்துத் தண்ணீரில் போட்டார். கலக்குவதற்குக் கைக்கெட்டிய வேப்பமரத்திலிருந்து ஒரு குச்சியை இலையோடு ஒடித்தார். பங்குனி மாதம், உச்சி வெயில், மஞ்சள், தண்ணீர், வேப்பிலை. கூப்பிடுவதற்கு வேண்டியவை எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன, வாய்விட்டுக் கூப்பிடாதது ஒன்றுதான் பாக்கி. ஊற்ற ஊற்ற உள்வாங்கிக்கொண்டே இருந்த ரேடியேட்டரைப் பார்த்து, "அடி ஆத்தா, என்னா குடி குடிக்குது," என்று சிக்கந்தர் அந்தக் குறையையும் தீர்த்துவைத்தார்.

மறுநாள் விடிந்தபோது கார் முழுக்க முத்துப் போட்டிருந்தது.

பானட்டில் நெருக்கமாக, மேற்கூரையில் பரவலாக, மட்கார்டில் கொத்துக் கொத்தாக, தயிர் நிறப் பெயிண்டுக்கு அடியில் மிளகளவும் புளியங்கொட்டையளவும் நீர் கோத்த கொப்புளங்கள். பெயிண்ட் சரியில்லாமல் உப்பிக்கொண்டது என்றுதான் சிக்கந்தர் முதலில் நினைத்து ஸ்குரூடிரைவரை எடுத்தார்.

"குத்தாதீக தம்பி," என்றபடி சீனியம்மாள் வீட்டுக்குள்ளிருந்து மெதுவாக நடந்து வந்தாள். அவள் மூக்கோரத்தில் சின்ன வயசில் அம்மை கண்ட குழிகள் இரண்டு இருந்தன. அந்தக் குழிகளை வைத்தே அந்தத் தெருவில் அம்மை விஷயத்தில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. புறங்கையை பானட்டின்மேல் வைத்தாள். ராத்திரி முழுக்க ஓடாமல் நின்ற வண்டி, நெற்றி மாதிரி சுட்டது. அவள் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒரு முத்து தானாக உடைந்து மஞ்சள் நிறத் தண்ணீர் ஒரு கோடாக இறங்கியது.

"தண்ணி எங்க போச்சுன்னு தேடினீகள்ல," என்றாள் சிக்கந்தரிடம். "இந்தா இருக்கு."

சிக்கந்தர் முத்துக்களைப் பார்த்தார், மனசுக்குள் குடங்களைக் கூட்டிப் பார்த்தார், தலையாட்டினார். "அளவு சரியாத்தான் வருது, மதினி."

யாரும் வாயைப் பிளக்கவில்லை. சூட்டால் வருகிற நோய்க்குத் தாயின் பெயரை வைத்த ஊர்களில், இத்தனை வருஷம் சூட்டிலேயே கிடந்த ஒரு காருக்கு அவள் வருவது ஆச்சரியமாகப் படவில்லை. இவ்வளவு நாள் வராததுதான் ஆச்சரியம் என்று சிலர் சொன்னார்கள். பக்கத்து வீட்டு ராஜகனிக்கு வேறு கவலை இருந்தது. "வாசல்ல இடம் பத்தாது, கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருக்கலாம்," என்றாள்.

ஒரு வேளைக்குள் தெருவுக்கு முறைகள் வந்துவிட்டன. தெருமுனையில் வேப்பிலை கட்டினார்கள். முத்துப் போல வெடிக்கும் என்பதால் எந்த வீட்டிலும் கடுகு தாளிக்கவில்லை. தெரு முழுக்க தாளிக்காத குழம்பைச் சாப்பிட்டுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. டயர்களுக்கடியில் வேப்பிலையைப் பரப்பி, கண் கூசும் என்று ஹெட்லைட்டுகள் இரண்டின்மேலும் வெள்ளைத் துணி போர்த்தினார்கள். ஹார்ன் அடிக்கக்கூடாது. அந்தப் பக்கம் சைக்கிளில் வந்தவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். கார் என்று சொல்லக்கூடாது, ஆத்தா என்றுதான் சொல்ல வேண்டும். பெண்கள் முறை வைத்து வேப்பிலையால் பானட்டை வீசினார்கள். இளநீரை ரேடியேட்டரில் ஊற்ற வேண்டும் என்று ராஜகனி வந்து நின்றபோது சிக்கந்தர் குறுக்கே கைநீட்டினார்.

"உள்ள பிசினாப் பிடிச்சுக்கிரும்க்கா. ஏற்கெனவே மஞ்சள் வேற."

"மஞ்சள ஊத்துனது யாரு?"

சிக்கந்தர் நீட்டிய கையை இறக்கினார். இளநீரை டயரில் ஊற்றிக்கொள்ளலாம் என்று சமாதானம் ஏற்பட்டது. சுகாதார ஆய்வாளர் ஒருவர் வந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, நோயாளியின் வயசைக் கேட்டு, நாலு சக்கரத்தைச் சுற்றியும் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டு, புறப்படுகிறேன் என்று சொல்லாமல் புறப்பட்டார். அம்மை வீட்டிலிருந்து போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போகக்கூடாது என்பது அரசாங்கத்துக்கும் தெரிந்திருந்தது.

இத்தனை முறைகளையும் எடுத்துக் கொடுத்தவள் சீனியம்மாள். அவற்றில் ஒன்று, ஆத்தா வந்திருக்கும் வீட்டைச் சேர்ந்தவர்கள், முத்து இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை, அவளை விட்டுவிட்டு ஊர் தாண்டக்கூடாது என்பது. அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை என்பது வெயிலுகந்தானுக்கு உறைத்தது.

"நீ மதுரைக்குப் போகணுமே, புள்ள."

"போகக்கூடாதுன்னு இப்பத்தான சொல்லிக்கிட்டிருந்தேன். காதுல விழலையா?"

"அது மத்தவங்களுக்கு."

"ஆத்தா எனக்குன்னு தனியா ஒரு சட்டம் வச்சிருக்காளாக்கும்."

அவர் டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போய்க் கோட்டைச்சாமியைக் கூட்டி வந்தார். ஸ்டாண்டிலேயே புது வண்டி கோட்டைச்சாமியுடையது. அவன் வேப்பிலைத் தோரணத்துக்கு வெளியே நின்றுகொண்டு, ஒரு காலைக்கூடத் தெருவுக்குள் வைக்காமல் கத்திப் பேசினான்.

"அண்ணாச்சி, தப்பா நினைக்காதீக. மதினிய நான் தலையில தூக்கிட்டுப் போவேன். வண்டியிலதான் யோசனையா இருக்கு."

"தொத்திக்கிரும்ங்கியா?"

"முகூர்த்த மாசம் வருது. மாப்பிள்ளை பொண்ண முத்துப் போட்ட வண்டியில ஏத்த முடியுமா? ஸ்டாண்டுல எல்லாரும் பானட்டுல வேப்பெண்ணெய் தடவியிருக்கோம், பாருங்க, வந்து மோந்து பாருங்க. வேண்டாம், வராதீக, அங்கேயே நில்லுங்க."

"அவன் ஏத்துனாலும் நான் ஏறமாட்டேன்," என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "அவனப் போகச் சொல்லுங்க. சொல்லாமப் போகச் சொல்லுங்க."

அந்தச் செவ்வாய்க்கிழமை அப்படிப் போயிற்று. புதனன்று அவள் கணுக்காலை அமுக்கினால் விரல் பதிந்த குழி எழும்பவில்லை. வியாழனன்று முகம் உப்பிக் கண்கள் சிறுத்தன. முறை தப்பியதால் அரை லிட்டரையும் குடிக்காமல், வாயை மட்டும் நனைத்துக்கொண்டு, தன் பங்கைப் பாட்டிலில் நிரப்பித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி கிடந்தாள். வாசலில் காரின் முத்துக்கள் இன்னும் பெருத்தன. குறைந்த தண்ணீரை ஈடுகட்ட வெயிலுகந்தான் ரேடியேட்டரில் ஊற்றுவார், உள்ளே வந்து மனைவியின் காலை அமுக்கிப் பார்ப்பார், வெளியே போய் மறுபடி ஊற்றுவார். ஒரே வீட்டில் ஒன்று தண்ணீர் நிற்காமலும் ஒன்று தண்ணீர் போகாமலும் கிடக்க, இரண்டுக்கும் நடுவே நடந்து நடந்து அவருக்குக் கோபப்படவும் தெம்பில்லாமல் போயிற்று. ஆத்தாவிடம் ஒருமுறை பேசிப் பார்த்தார். "வேற வண்டியே கிடைக்கலையா உனக்கு?" என்று கேட்டார். ஆத்தா இளம் சூடாக இருந்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது சீனியம்மாள் படுக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தும் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. நடுவில் நிறுத்தி, காற்றைத் தேடி எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சொன்னாள். நெஞ்சுக்குள் தண்ணீர் சலசலப்பது அவர் காதுக்கே கேட்டது. அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"ஆத்தாவ விட்டுட்டுத்தான போகக்கூடாது?"

"ஆமா."

"ஆத்தாவே கிளம்புனா?"

அவள் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். மூச்சுக்காகவா யோசனைக்காகவா என்று தெரியவில்லை.

"கோயில் பொங்கலுக்குச் சப்பரத்துல ஆத்தா ஊரச் சுத்தி வாரா. அன்னைக்கு நீ என்ன செய்வ? வீட்டுலயே இருப்பியா?"

"பின்னாடி... போவேன்."

"இன்னைக்கு முன் சீட்டுல உக்காந்து போ."

சீனியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்," என்றாள். பிறகு, "அந்தப் பாட்டில எடுத்துக்கோங்க."

ஆத்தா மதுரைக்குப் புறப்படுகிறாள் என்பது தெருவில் பரவியபோது ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஏதேனும் ஒரு வழியில் தாளிப்பு திரும்பினால் போதும் என்று இருந்தார்கள். வண்டி போகுமா என்பதுதான் கேள்வி. சிக்கந்தர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"ஒரு குடம் ஊத்துனா அடுத்த ஊர் வரைக்கும் போகும். அங்க ஒரு குடம் ஊத்துனா அதுக்கடுத்த ஊர். முள்ளு சிவப்புக்குப் போயிருச்சுன்னா அதுக்கப்புறம் ஒரு அடி எடுக்கக்கூடாது, அண்ணாச்சி. சிலிண்டர் ஹெட்டு வளஞ்சா அந்த மகமாயியே வந்தாலும் நிமித்த முடியாது."

"வந்துதான் இருக்கா, பாய்."

சிக்கந்தர் ரேடியேட்டர் மூடியைத் திருகி மூடினார். பிறகு ஒரு சாக்கை நனைத்துத் தோளில் போட்டுக்கொண்டு பின் சீட்டில் ஏறினார். சூடான ரேடியேட்டரின் மூடியைத் தெரியாதவர்கள் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும் என்று அவர் வரவேண்டியதற்குக் காரணம் சொன்னார். மஞ்சளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "ஜும்மாவுக்குள்ள மதுரையில இருந்தாச் சரி," என்றார்.

ராஜகனி போனை எடுத்தாள். அந்தச் சாலையில் இருக்கிற ஊர்களில் அவளுக்குக் கொழுந்தன், கொழுந்தியாள், நாத்தனார், நாத்தனாரின் சம்பந்தி என்று ஊருக்கொருவர் இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே செய்தி. "ஆத்தா வாரா. சீனி மதினியும் கூட வாரா. குடத்தோட ரோட்டுக்கு வந்து நில்லுங்க."

நின்றார்கள். குழாயில் தண்ணீர் வராத ஊர்களில், லாரிக்காகக் காத்திருந்து அடித்துப் பிடித்துச் சேர்த்த தண்ணீரை, குழந்தைகளுக்கு முகம் கழுவக்கூட யோசித்து ஊற்றுகிற தண்ணீரை, குடத்தில் வேப்பிலை செருகி இடுப்பில் வைத்துக்கொண்டு புளியமரத்தடிகளில் பெண்கள் நின்றார்கள். ஹெட்லைட்டில் வெள்ளைத் துணியும் உடம்பெல்லாம் முத்துமாகத் தயிர் நிறக் கார் ஊர்ந்து வர, முன் சீட்டில் முகம் வீங்கி மூச்சு வாங்கி உட்கார்ந்திருந்தவளையும் சேர்த்துக் கும்பிட்டார்கள். சிக்கந்தர் இறங்கி, ஈரச் சாக்கை மூடியின்மேல் போட்டு, கால் திருகு திருகி ஆவியை விட்டு, பிறகு திறந்து, வரிசையை ஒழுங்குபடுத்தினார். "மஞ்சத்தண்ணி பானட்டுல ஊத்துங்க, வெறுந்தண்ணி இங்க ஊத்துங்க, மாத்தி ஊத்துனீங்கன்னா ஆத்தா இங்கேயே தங்கிருவா. இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்கட்டும் அண்ணாச்சி. கொஞ்சங் கொஞ்சமா ஊத்தும்மா, மடமடன்னு ஊத்தாத. இது போர்த் தண்ணியா? உப்புத் தண்ணின்னா உள்ள சுண்ணாம்பாக் காரை பிடிக்கும். நல்ல தண்ணி யார்ட்ட இருக்கு?" ஒரு கோயிலுக்கும் பூசை செய்யாத குறையை அவர் அந்தச் சாலை நெடுகத் தீர்த்துக்கொண்டார். ஓரிடத்தில் கோட்டைச்சாமிகூடத் தன் வண்டியைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, நீளமான ஹோஸ் குழாய் ஒன்றின் மறுமுனையில் நின்று தண்ணீர் பாய்ச்சினான்.

இப்படி ஊர் ஊராகக் கை மாறிப் போன கார், உப்போடைப் பொட்டலில் வந்து நின்றது. அங்கே ஊர் கிடையாது. பிரிந்து போகிற ஒரு மண்பாதைக்குள் தூரத்தில் ஏதோ ஒரு குடியிருப்பு உண்டு, அங்கே ராஜகனிக்குச் சொந்தம் இல்லை. இரண்டு பக்கமும் வெடித்த கரிசலும், அதன்மேல் நெளிகிற கானலும்தான். முள் சிவப்பைத் தொட்டது. பானட்டின் இடுக்குகளிலிருந்து வெள்ளையாக ஆவி சீறியது. வெயிலுகந்தான் வண்டியை ஓரங்கட்டினார். கொண்டு வந்த குடம் முந்தின மேட்டிலேயே காலியாகியிருந்தது.

சிக்கந்தர் சாக்கைப் பிழிந்து பார்த்தார். காய்ந்திருந்தது. பக்கத்து ஊருக்கு நடந்து போய்த் தண்ணீர் கொண்டுவர எவ்வளவு நேரமாகும் என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை, ஏனென்றால் முன் சீட்டிலிருந்து வந்த மூச்சு அவர்கள் இருவருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. வெயிலுகந்தான் முன்சக்கரத்தின் பக்கத்தில், ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. எழுந்திருக்க ஒரு காரணம் கிடைக்காத ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

ஜன்னல் வழியாக ஒரு கை நீண்டது. அதில் பாட்டில் இருந்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்த அரை லிட்டர்.

"அது உன்னோடது, புள்ள."

"எனக்குள்ள... தண்ணிக்கா பஞ்சம்?" என்றாள். "ஊத்துங்க."

பாட்டிலைக் கொடுத்த பிறகும் அவள் விரல்கள் ஒரு கணம் அதை விடவில்லை. பிறகு விட்டன.

ஆவி அடங்கும்வரை சிக்கந்தர் காத்திருந்து, இன்ஜினை ஓடவிட்டு, வெறும் கையில் தன் சட்டையைச் சுற்றிக்கொண்டு மூடியைத் திறந்து, ஒரு பச்சைக் குழந்தைக்கு மருந்து புகட்டுகிறவர் மாதிரி அதை ஊற்றினார். கணக்குப்படி அது காணாது. வறண்டு போன ரேடியேட்டருக்கு அரை லிட்டர் என்பது உதட்டை நனைப்பதற்குச் சமம். கணக்கை மீறி முள் இறங்கியது. அவசரமில்லாமல், வயசான ஆள் படி இறங்குவதைப் போல, நடுவில் வந்து நின்றது. அதற்கு மேல் மதுரை வரைக்கும் யாரும் எதையும் ஊற்றவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் திட்டினாள். "முறை தப்பினா என்ன ஆகும்னு தெரியாதாம்மா? எங்க போனீங்க?" என்று கேட்டுக்கொண்டே ஊசியைக் குத்தி இயந்திரத்தை ஓடவிட்டாள். "வீட்ல அம்மை," என்றாள் சீனியம்மாள். யாருக்கு என்று நர்ஸ் கேட்கவில்லை. இயந்திரம் அவளுக்குள்ளிருந்து தண்ணீரை எடுக்க எடுக்க மூச்சு ஒவ்வொரு சுருளாகப் பிரிந்து வந்தது.

சிக்கந்தர் தொழுகைக்குப் போய்விட்டு வந்தபோது, கார் நிறுத்துமிடத்துக் காவலாளி அவரை எதிர்கொண்டார்.

"அந்த வெள்ளை வண்டி உங்களதா? எடுங்க சார். கீழ எல்லாம் ஒழுகுது."

"என்னது?"

"ஒழுகுது சார்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்று சிக்கந்தர் ஓடினார். ஒரு மாதமாக அவர் கேட்க ஏங்கிய சொல் அது. ஆனால் ரேடியேட்டர் கழுத்துவரை நிரம்பி அசையாமல் இருந்தது. முத்துக்கள்தான் இறங்கிக்கொண்டிருந்தன, ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தமில்லாமல் உடைந்து, மஞ்சள் தண்ணீராக வழிந்து, சிமெண்டுத் தரையில் ஓடி, மதில் ஓரத்துப் புங்கமரத்தின் வேருக்குப் போய்ச் சேர்ந்தன. மாலையில் கணவனின் தோளைப் பிடித்துக்கொண்டு சீனியம்மாள் வந்தபோது கார் காய்ந்து, ஆறி, உடம்பெல்லாம் குழி விழுந்து நின்றது. அவள் புறங்கையை பானட்டில் வைத்துப் பார்த்தாள். பிறகு தன் மூக்கோரத்தைத் தொட்டாள்.

"போயிட்டா," என்றாள்.

"சொல்லாமலா?"

"சொல்லிட்டா போவா?"

வண்டிக்குக் குணமாகிவிட்டது. அவளுக்கு ஆகவில்லை, ஆத்தா வந்தது வண்டிக்குத்தான். செவ்வாய்க்கிழமை வரப்போகிறது, மறுபடி வெள்ளி, மறுபடி செவ்வாய். இது இரண்டு பேருக்கும் தெரியும் என்பதால் இரண்டு பேரும் அதைப் பேசவில்லை.

திரும்புகிற வழியில்தான் ஒரு சங்கடம். காலையில் நின்ற ஊர்களிலெல்லாம் சாயங்காலமும் குடத்தோடு நின்றார்கள், ஆத்தா திரும்பி வரும்போதும் தாகமாக இருப்பாள் என்று. ரேடியேட்டர் நிரம்பியிருக்கிறது, வேண்டாம் என்று முதல் ஊரில் சொல்லிப் பார்த்தார் வெயிலுகந்தான். அந்தப் பெண்களின் முகத்தைப் பார்த்த பிறகு இறங்கி பானட்டைத் திறந்தார். நிரம்பிய ரேடியேட்டரில் அவர்கள் ஊற்ற, ஊற்றியதெல்லாம் வழிந்து, தாகமெடுத்த ரோட்டில் ஓடியது. உலர்ந்த உதடுகளோடு சீனியம்மாள் முன் சீட்டிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லா ஊரிலும் அப்படியே.

அது அன்றோடு நிற்கவில்லை. அதற்குப் பிறகு வந்த செவ்வாய்களிலும் வெள்ளிகளிலும், கார் ஒரு சொட்டுக்கூடக் குறையாமல் ஓடிய அத்தனை நாளும், அவர்கள் நின்றார்கள். அம்மை ஒரு தடவை கண்ட உடம்புக்கு மறுபடி காண்பதில்லை என்று சிக்கந்தர் காருக்குச் சான்று கொடுத்தார், கூடவே மஞ்சளைச் சுரண்டி எடுத்து ரேடியேட்டரையும் சுத்தம் செய்தார். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பானட்டில் ஒரு கை ஊற்றிவிட்டு ஜன்னலுக்கு வந்து, இந்த வாரம் எப்படி இருக்கீக, கால் வீக்கம் இருக்கா, ராத்திரி தூங்கினீகளா என்று கேட்டுவிட்டு, அவள் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள்.

"ஆத்தா அன்னைக்கே இறங்கிட்டா," என்றாள் அவள் ஒருநாள், இயந்திரத்திலிருந்து திரும்பும் அசதியில், கண்ணை மூடியபடி. "நான்தான் இன்னும் சப்பரத்துல போயிக்கிட்டிருக்கேன்."

"இறங்குறியா?" என்று கேட்டார் வெயிலுகந்தான். அவருக்கும் அசதிதான்.

அவள் பதில் சொல்வதற்குள் உப்போடைப் பொட்டல் வந்துவிட்டது. காலியாகவே கிடக்கும் அந்த இடத்தில் அன்றைக்கு ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். உள்ளே தள்ளியிருக்கும் குடியிருப்பைச் சேர்ந்தவள், பெயர் தெரியாது. தங்கள் எல்லையில் ஆத்தா தாகத்தோடு நின்றாள் என்பது தாமதமாகக் காதில் விழுந்து, வெட்கப்பட்டு, மண்பாதையில் வெயிலோடு குடத்தைச் சுமந்து நடந்து வந்திருந்தாள். பானட்டை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக ஜன்னலுக்கு வந்து, ஒரு செம்பில் மொண்டு, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"குடிங்கம்மா."

செம்பின் விளிம்புவரை தண்ணீர் அசைந்தது.  சீனியம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். செம்பு கனத்து வந்தவளின் கை தாழ ஆரம்பிக்கும்வரை பார்த்தாள். பிறகு ஒரு விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடி அதை நாக்கில் உருட்டினாள்.

"உப்பு," என்றாள். "போர்த் தண்ணி. இத ஊத்துனா வண்டிக்குக் காரை பிடிக்கும்."

அந்தப் பெண்ணின் முகம் வாடியது.

"செவ்வாக்கிழமை வருவேன்," என்றாள் சீனியம்மாள். "நல்ல தண்ணியாக் கொண்டா."